இடது முழங்காலின் விறைப்பு

பிலோமினா டீச்சரின் வலது முழங்காலுக்கு ஆபரேஷன் நடந்ததிலிருந்து இடது முழங்காலுக்குப் பொறாமை தாங்கவில்லை.

"தலையணையும் உனக்கு, ஐஸ் பையும் உனக்கு. வர்றவங்க எல்லாரும் உன்னைத்தான் விசாரிக்கிறாங்க. நானும் உன் வயசுதானே? நானும் தேய்ஞ்சுதானே போயிருக்கேன்?"

வலது முழங்கால் முனகியது. "வேணும்னா இந்த வலியையும் எடுத்துக்கோ."

"அதுக்கும் மாத்திரை உனக்குத்தான்" என்று இடது முழங்கால் விறைத்துக்கொண்டது.

மாலையில் நர்ஸ் மும்தாஜ் வந்தாள். "கண்ணை மூடி மெதுவா மூச்சு விடுங்க டீச்சர். உடம்பை ஒவ்வொரு இடமா தளர விடுங்க. வலி கொஞ்சம் அடங்கும்."

டீச்சரின் தோள் தளர்ந்தது. கைகள் தளர்ந்தன.

"இப்போ இடது முழங்கால்."

'இவன் வலி அடங்க நான் எதுக்குத் தளரணும்?' என்று அது இன்னும் விறைத்தது.

டீச்சர் அதன்மேல் கை வைத்தார். "பாவம், இப்போ என் பாரமெல்லாம் இதுமேலதான்."

அந்தக் கையின் சூட்டில் இடது முழங்கால் தன்னை அறியாமல் தளர்ந்தது. பக்கத்தில் முனகல் மெல்ல அடங்கியது.

"அப்பாடா" என்றது வலது முழங்கால். "நீ விறைச்சா எனக்கும் சேர்த்து இழுக்குது."

"முன்னாடியே சொல்றதுக்கென்ன?"

"நீ எங்கே என்னைப் பேச விட்டே?"