கொக்கு தூக்கிய கால்

குளத்து நாட்டில் தலைவர் தேர்தல் வந்தது. எப்படி ஓட்டுப் போடுவது என்பதில்தான் இழுபறி. வாலை ஆட்டுவோம் என்றது கெண்டை மீன். மாதக்கணக்கில் நிதானமாகப் போடுவோம் என்றது நத்தை.

அந்தக் குளத்திலேயே கால் இருப்பது தனக்கு மட்டும்தான் என்பது கொக்குக்குத் தெரியும். "காலைத் தூக்கி ஓட்டுப் போடுவதுதான் நாகரிகம். ஆட்சேபணை இருந்தால் இப்போதே காலைத் தூக்கலாம். ஒரே ஒரு கால் உயர்ந்தாலும் இந்தப் பேச்சையே விட்டுவிடுகிறேன்" என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டு, வழக்கமான தோரணையில் நின்று கண்ணை மூடிக்கொண்டது.

"ஒரு கால் தூக்கியாச்சுங்க" என்றது கெண்டை.

கொக்கு பதறிக் கண்ணைத் திறந்தது. "யாருடைய கால்?"

"கொஞ்சம் கீழே பாருங்க, அண்ணே."

கொக்கு மெல்லத் தன் காலை இறக்கியது.

"போட்ட ஓட்டை மாத்த முடியாதுங்களே" என்றது நத்தை.