என்ன தொழில்?

எம்.ஆர்.ஐ. ஸ்கேன் அறை வாசலில், நாச்சிமுத்துவின் இடுப்பருகே சோதனைக் கருவி அலறியது.

"அரைஞாண் கயித்துல ஊக்கு! உள்ள காந்தம் இருக்குன்னு அம்புட்டுச் சொன்னேனே ஐயா?" என்றாள் ஸ்கேன் எடுக்கும் யுவராணி.

"முள்ளெடுக்க வச்சிருந்தேம்மா..."

"காந்தம் என்ன பண்ணும்னு தெரியுமா?"

தெரியாது என்பதுபோல் தலையாட்டினார்.

படிவத்தை எடுத்தாள். "என்ன தொழில்?"

மனைவி வீரலட்சுமி வாயைத் திறக்குமுன், "விவசாயம்னு எழுதிக்கம்மா" என்றார்.

யுவராணி உள்ளே போனதும் வீரலட்சுமி முறைத்தாள். "ஏன் பொய் சொன்னீக?"

"இந்த ஸ்கேனுக்கே அடிப்படையான அணுக்கரு காந்த ஒத்ததிர்வுல முப்பது வருசம் ஆராய்ச்சி பண்ணவன், ஊக்கோட வந்த மாணவங்கள ஆய்வுக்கூடத்த விட்டு வெரட்டுனவன்னு எழுதச் சொல்றியா?"

"அதுக்கு வெவசாயத்த ஏன் இழுக்குறீக? சேவுகம்பட்டியில வெவசாயம் பாக்குற என் தம்பி, போன மாசம் இதே ஸ்கேனுக்கு ஊக்கக் கழட்டிட்டுத்தான் உள்ள போனான்!"