ராமாத்தாள் சலவையகத்தின் முகப்பு

"அந்த நுரைப் படத்தை எடுத்துப்போடுங்க அம்மணி. சோப்பு விளம்பரமாட்ட இருக்குது."

லோகப்பிரியா நுரையை அழித்தாள். பீளமேட்டில் டிடிபி கடை வைத்து எட்டு வருடமாகிறது. கல்லூரி மாணவர்களின் புராஜெக்ட் அட்டை, கல்யாணப் பத்திரிகை என்று எத்தனையோ செய்திருக்கிறாள். ஒரே ஒரு முகப்புப் பக்கத்துக்காக ஒன்றரை மணி நேரம் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்த ஆள் இவர்தான். பெயர் மோகன்குமார் என்றார். அறுபது வயதிருக்கும்.

"பேரை நடுவுல பெருசாப் போடுங்க. ராமாத்தாள் மருத்துவமனைச் சலவையகம். கீழ, தொழில் திட்ட அறிக்கை. நீலமும் வெள்ளையும் போதுமுங்க."

"ஓரத்துல பூ டிசைன் போட்டா எடுப்பா இருக்குமுங்க."

"வேண்டாமுங்க. பேங்குக்குப் போற ஃபைல் இது. அட்டையைப் பாக்கறப்பவே பாதி முடிவாயிரும். பூ இருந்தா வெளையாட்டுன்னு நெனச்சுக்குவாங்க."

முகவரிக்காக அவர் கொண்டுவந்த பழைய அறிக்கையைப் புரட்டினாள் லோகப்பிரியா. மேலே அட்டையாகக் கோடு போட்ட நோட்டுத் தாள். ஸ்கெட்ச் பேனாவில் பெயர், நாலு மூலையிலும் ரோஜாப்பூ. உள்ளே கையெழுத்துதான் என்றாலும் அத்தனை தெளிவு. பதினாறு வருடம் ஆஸ்பத்திரிச் சலவையறையில் வேலை பார்த்த ராமாத்தாள் எழுதியது. எந்த ஆஸ்பத்திரியில் எத்தனை விரிப்பு, அலசிய தண்ணீரை மறுபடி எப்படிப் பயன்படுத்துவது, வேலைக்குச் சேர்க்கப்போகும் ஆறு பெண்களின் பெயர்கள்... முகவரியை மறந்து படித்துக்கொண்டே போனாள்.

"ரத்தக் கறையில சுடுதண்ணி ஊத்தக் கூடாதுங்கற வரைக்கும் எழுதியிருக்குதுங்க! யாரு சொல்லிக் குடுத்தது, நீங்களா?"

"இல்லீங்க. எல்லாம் அவங்களே எழுதுனது."

குரலில் இருந்தது பெருமையா வருத்தமா, தெரியவில்லை. மனைவிக்காக இவ்வளவு மெனக்கெடும் மனிதரை அவள் பார்த்ததில்லை.

"பங்குதாரர்னு உங்க பேரையும் போட்டறட்டுங்களா?"

"என்ற பேரு எங்கியும் வரக் கூடாதுங்க." வெடுக்கென்று வந்தது பதில்.

கனமான தாளில் பிரின்ட் எடுத்துக் கொடுத்தாள். அவர் வெளிச்சத்தில் பிடித்து ஒவ்வொரு எழுத்தாகச் சரிபார்த்தார். பழைய நோட்டுத் தாளைக் கழற்றிவிட்டுப் புது முகப்பை வைத்து ஸ்பைரல் போடச் சொன்னார்.

"கொண்டுபோய்க் காட்டுங்க சார். ஊட்டுக்காரம்மா சந்தோசப்படுவாங்க."

"ஊட்டுக்காரம்மாவா?" அவர் திடுக்கிட்டார். "அவங்ககிட்ட நான் ஒரே ஒருக்காத்தானுங்க பேசியிருக்கறேன். இனிமேத்தான் ஊட்டைத் தேடிப் போகோணும். எந்த மூஞ்சியை வெச்சுட்டுப் போறதுன்னு தெரியலைங்க."

"அப்ப இது உங்க கைக்கு எப்படி வந்துச்சுங்க?"

"போன வாரம் ரிட்டயர் ஆனேன். மேசையைக் காலி பண்றப்ப அடி டிராயர்ல கெடந்துச்சு. அன்னிக்குத்தான் மொத மொதல்ல பிரிச்சுப் படிச்சேன்."

தலை குனிந்தபடி சொன்னார்:

"ரெண்டு வருசம் முன்னால, அட்டையை மட்டும் பாத்துப்போட்டு, லோன் கெடையாதுன்னு அவங்களைத் திருப்பி அனுப்புன மேனேஜர் நாந்தானுங்க."