கோகிலா மிஸ்ஸின் டேப்லெட்

"அந்த டீச்சரை மாத்துங்க மேடம். இல்லேன்னா என் பிள்ளையை வேற ஸ்கூல்ல சேத்துருதேன்."

கணேசபாண்டியன் உட்காரக்கூட இல்லை. மும்பை தாராவியில் தோல் பை தைக்கும் பட்டறை வைத்திருப்பவர். வேலையை அப்படியே போட்டுவிட்டு வந்திருந்தார்.

தலைமையாசிரியை ஷ்யாமளா நாற்காலியைக் காட்டினார். "முதல்ல உக்காருங்கோ. கோகிலவாணி மேல என்ன புகார்?"

"பேரண்ட்ஸ் மீட்டிங் அன்னைக்குப் பாத்தேன் மேடம். நான் பேசுதேன், அவங்க என் முகத்தையே பாக்கல. டேப்லெட்டையே பாத்துக்கிட்டு இருக்காவ. கிளாஸ்லயும் அப்படித்தானாம். வேலையே பாக்காம காலிபீலி டைம்பாஸ் பண்ணுதாவ."

"உங்க பொண்ணு வந்தனா என்ன சொல்றா?"

"கேட்டா, 'மிஸ் நல்லாத்தான் சொல்லித் தாராவ'ன்னு முடிச்சுக்கிடுதா. அதுக்கு மேல வாயைத் திறக்க மாட்டேங்கா. பயமுறுத்தி வச்சிருக்காவ போல."

ஷ்யாமளாவுக்குச் சுருக்கென்றது. வேலை சுலபமாகட்டும் என்று டீச்சர்களுக்கு டேப்லெட் வாங்கிக் கொடுத்ததே அவர்தான்.

"இன்னிக்கு நானே கிளாஸ்ல உக்காந்து பார்க்கறேன். சாயங்காலம் வாங்கோ. அவ மேல தப்பு இருந்தா மாத்திடறேன்."

சொல்லாமல் கொள்ளாமல் ஐந்தாம் வகுப்புக்குள் நுழைந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார் ஷ்யாமளா.

கோகிலவாணி கொஞ்சமும் பதறவில்லை. சிரித்தபடி வணக்கம் சொல்லிவிட்டு வேலையைத் தொடங்கினாள்.

டேப்லெட்டில் பிள்ளைகளின் புகைப்படங்கள் வரிசையாக இருந்தன. வராத இரண்டு பேரின் படத்தைத் தொட்டாள். வருகைப்பதிவு முடிந்தது. இரண்டு வீட்டுக்கும் இந்தியில் தகவலும் போய்விட்டது. அடுத்து நேற்றைய பரீட்சை. பின்னக் கழித்தலில் யார் யார் தடுமாறினார்கள் என்று திரை காட்டியது. அந்த ஏழு பேரையும் முன்னால் வந்து உட்காரச் சொன்னாள்.

மற்ற டீச்சர்கள் அரைமணி நேரம் மல்லுக்கட்டும் வேலை. மூன்றே நிமிடம்.

'இவளையா மாத்தறது?' என்று நினைத்தார் ஷ்யாமளா.

ஆனால் புகாரும் பொய்யில்லை. எந்தப் பிள்ளை எழுந்து பேசினாலும் கோகிலவாணியின் கண் டேப்லெட்டில்தான் இருந்தது. முகத்தை ஒரு தடவை பார்ப்பாள், உடனே குனிந்துவிடுவாள்.

அவள் போர்டில் எழுதத் திரும்பியபோது ஷ்யாமளா சத்தமாகக் கேட்டார். "கோகிலவாணி, அந்த ரெண்டாவது கணக்கை இன்னொரு தடவை விளக்குங்கோ."

கோகிலவாணி திரும்பவே இல்லை.

"கோகிலவாணி!"

சாக்பீஸ் நிற்காமல் எழுதிக்கொண்டிருந்தது. முன்வரிசையிலிருந்து வந்தனா எழுந்து, போர்டுக்குப் பக்கத்தில் போய் மிஸ்ஸின் கண்ணில் படும்படி நின்றாள்.

"மிஸ், எச்.எம். மேடம் ஏதோ கேக்காங்க."

அதற்குள் ஷ்யாமளா கோபமாக மேசைக்கே வந்துவிட்டார். டேப்லெட்டைப் பார்த்தவர் அப்படியே நின்றார்.

அவர் கேட்ட கேள்வி திரையில் தமிழ் எழுத்தில் ஓடியிருந்தது. கீழே அவர் கூப்பிட்ட பெயர். அதற்கும் கீழே வந்தனா சொன்னது.

இடைவேளையில் ஷ்யாமளாவின் அறைக்கு வந்த கோகிலவாணி, டேப்லெட்டை இருவருக்கும் நடுவில் மேசைமேல் வைத்தாள்.

"போன வருஷம் காய்ச்சல் வந்துச்சே மேடம், அதுல ரெண்டு காதும் போயிருச்சு. சயான் ஆஸ்பத்திரியில ஒரு டாக்டர் பாக்கிறார். மெஷின் வச்சாலும் பெரிசாக் கேக்காதுன்னு சொல்லிட்டார். பேசுறதை எழுத்தாக்கித் தர்ற ஆப் இது. இதை வச்சே ஒரு வருஷத்தை ஓட்டிட்டேன்."

"எங்கிட்ட மறைச்சது தப்பில்லையா?"

கோகிலவாணி அதைப் படித்தாள். "தப்புதான் மேடம். வகுப்பை விட்டு எடுத்துடுவீங்களோன்னு பயந்தேன். ஆனா ஒண்ணு. என் பாடத்துல குறை இருந்தாச் சொல்லுங்க, இப்பவே எழுதிக் கொடுத்துட்டுப் போறேன்."

குரலில் நடுக்கமே இல்லை. குறை இல்லை என்பது ஷ்யாமளாவுக்கும் தெரியும். இந்த வருஷம் கணக்கில் அந்த வகுப்புதான் முதல்.

"நீங்க எங்கயும் போக வேண்டாம். ஒரு நல்ல மைக் வாங்கித் தரேன். ஸ்கூல் கமிட்டிகிட்ட நான் பேசிக்கறேன்."

ஒவ்வொரு சொல்லாகத் திரையில் விழ விழ, கோகிலவாணியின் கண் நிறைந்தது.

"பசங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது மேடம். ஒரு நாள்கூட நான் மாட்டிக்கல." பெருமையாகச் சொன்னாள்.

ஷ்யாமளா வெளியே வந்தபோது வாசலில் வந்தனா நின்றிருந்தாள்.

"எங்க மிஸ்ஸை மாத்திராதீங்க மேடம்."

"மாத்தலைம்மா. உங்கப்பாகிட்ட நான் பேசிக்கறேன். அதிருக்கட்டும், உங்க கிளாஸ்ல ஒரு சத்தம் இல்லையே, மிஸ் அவ்வளவு கண்டிப்பா?"

"மிஸ் திட்டவே மாட்டாங்க. ரெண்டு பேரு சேந்து பேசுனா டேப்லெட்ல எழுத்து குழம்பிருது மேடம். அதான் ஒருத்தர் முடிச்சப்புறம்தான் இன்னொருத்தர்னு நாங்களே ரூல் போட்டுக்கிட்டோம். ஹிந்தி கலக்காமப் பேசணும். கலந்தா தப்புத் தப்பா விழுது."

"இதை ஏன் அப்பாகிட்ட சொல்லலை?"

"சொன்னா அப்பா தாராவி பூரா சொல்லிருவாவ."

வந்தனா அறைக்குள் எட்டிப் பார்த்தாள். மிஸ்ஸின் முன்னால் டேப்லெட் இன்னும் மேசைமேல் திறந்தே இருந்தது. குரலை நன்றாகத் தாழ்த்திக்கொண்டாள்.

"எங்களுக்குத் தெரியும்னு மிஸ்ஸுக்குத் தெரியாது மேடம். நீங்களும் சொல்லிராதீங்க, பாவம்."