கடைசி நேரலை

போதகரும் அவர் மனைவியும் வீட்டு முன்னறையில் தொடங்கிய கிறிஸ்தவத் தொலைக்காட்சியின் கடைசி நேரலை ஓடிக்கொண்டிருக்கிறது. மைக்கில் இரைச்சல் விழும் என்று வழக்கம்போல மின்விசிறியை நிறுத்திவிட்டு, அவள் கேமராவுக்குப் பின்னால் நிற்கிறாள். விளக்குச் சூட்டில் அறை புழுங்குகிறது. இத்தனை வருஷமும் அவர் முகத்தில் வழிந்த வியர்வையைப் பார்த்து, "ஐயா எங்களுக்காக அழுதாரே" என்று நேயர்கள் உருகியதும், அதைச் சொல்லி இவர்கள் தனியே சிரித்ததும் உண்டு. இன்று நெற்றியைத் துடைத்த பிறகும் அவர் கன்னம் நனைந்துகொண்டே இருக்கிறது. ஜெபம் கேட்டு அழைக்கும் போன் சிணுங்குகிறது. யாரோ ஒரு வயதான அம்மா. "ஐயாவுக்கு வேர்த்துக் கொட்டுதே. கடைசி நாள்தானே, சத்தம் வந்தா வந்துட்டுப் போகுது. அந்த ஃபேனைக் கொஞ்சம் போட்டுவிடும்மா." அவள் கைநீட்டிச் சுவிட்சைத் தட்டுகிறாள். கடகடவென்று எழும் சத்தம் அவருடைய விம்மலை மூடிக்கொள்கிறது.