அழித்துவிடச் சம்மதம்

"போய்ச் சேர்ந்துடுச்சுங்க மாமி! கஸ்டம்ஸ்ல ஒரு கேள்வி கேக்கலை!"

விமான் நகர் கூரியர் கடையின் படியை வைஜயந்தி ஏறி முடிப்பதற்குள் கவுண்டருக்குப் பின்னாலிருந்து அகல்யா கூவினாள். கோயம்புத்தூரிலிருந்து கல்யாணமாகிப் புனேக்கு வந்தவள். வைஜயந்தி எஸ்டோனியாவில் இருக்கும் மகன் மாதவுக்கு அனுப்பும் பார்சல்கள் எல்லாம் அவள் கையால்தான் போகும்.

வைஜயந்தி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள்.

"ஃபாரம் வந்திருக்காடி?"

"எந்த ஃபாரம்?"

"எப்பவும் வருமே. அங்க பார்சலைப் பிடிச்சு வெச்சுண்டு, மாதவ்கிட்ட கையெழுத்து வாங்கிண்டு, எனக்கு ஒரு காப்பி அனுப்புவாளே. அது."

"அட, பிடிச்சாத்தானே ஃபாரம்? இந்தத் தடவை பிடிக்கவே இல்லைங்க!"

வெளியே ஸ்கூட்டர் ஹாரன் ஒரு தரம் அடித்தது. பட்டாபிராமன் ஹெல்மெட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். மனைவியைக் கொண்டுவந்து விடுவாரே தவிர, இந்தக் கடைக்குள் அவர் ஒரு நாளும் காலெடுத்து வைத்ததில்லை; மகன் பேரை வாயால் சொன்னதுமில்லை.

"இதுக்கு முன்னாடி ஆறு பார்சல் மாமி. ஆறுலயும் திரட்டுப்பால். ஐரோப்பாவுக்குள்ள பால் சேர்ந்த பண்டத்தைத் தபால்ல விடமாட்டாங்கன்னு தலைகீழா நின்னு சொன்னேன். சரி, மறைச்சாவது வெச்சீங்களா? லிஸ்ட்ல மொதல் வரியே 'மில்க் ஸ்வீட்'னு கொட்டை எழுத்துல எழுதுறீங்க. அந்த ஊர் மோப்ப நாய்க்கே உங்க திரட்டுப்பால் பழகிப் போயிருக்கும்!"

"பொய் எழுதப்படாதோல்லியோ."

"மாதவ் சாராவது போன்ல சொல்லக் கூடாதா, இனிமே அனுப்பாதீங்கன்னு?"

"அவனுக்கு வேலை ஜாஸ்தி," என்றாள் வைஜயந்தி. பிறகு, "இந்தத் தடவை எப்படி விட்டா?" என்று கேட்டாள்.

அகல்யா சிரித்துக்கொண்டே குனிந்து ஒரு பிளாஸ்டிக் டப்பாவை எடுத்து மேசைமேல் வைத்தாள். வைஜயந்தியின் டப்பாதான். கழுவித் துடைத்து, வெறுமையாகத் திருப்பிக் கொடுக்க மனமில்லாமல் உள்ளே ஒரு பிடி சர்க்கரை போட்டிருந்தாள்.

"திட்டக் கூடாதுங்க. பேக் பண்றப்ப நானே திரட்டுப்பாலை எடுத்துட்டேன். பதிலுக்கு ஒரு பாக்கெட் பாகர்வடி, இந்த ஊர்க் காரம். லிஸ்ட்டையும் மாத்தி அடிச்சேன். பரிசுப் பொருள், நாப்பத்தஞ்சு யூரோவுக்குள்ள, பால் இல்லை, கறி இல்லை. சட்டப்படி சுத்தம்! அடுப்பு வெக்கையில நின்னு நீங்க கிண்டிக் கிண்டி அனுப்ப, அவங்க குப்பையில கொட்ட... எனக்கு மனசு கேக்கலைங்க மாமி."

வைஜயந்தி டப்பாவைத் தொடவில்லை.

"அவன் கையெழுத்துப் போட்டு வாங்கிண்டானோ?"

"அதெல்லாம் கேக்க மாட்டாங்க. வாசல் பெட்டியில போட்டுட்டுப் போயிருவாங்க."

"சரி, போறது. அடுத்த தடவை திரட்டுப்பாலே வெச்சுடலாம், என்ன?"

"ஐயோ, இனி நான் நெனச்சாலும் முடியாது. ஹெட் ஆபீஸ்ல புது உத்தரவு. ஐரோப்பாவுக்கு 'மில்க்'னு அடிச்சாலே கம்ப்யூட்டர் புக்கிங்கை எடுக்காது. இனிமே உங்களுக்கு ஒரு பிரச்சினையும் இல்லை. ஒரு தாள்கூட வராது, பாருங்களேன்!"

வைஜயந்தி புடவைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. அகல்யா கவுண்டரைச் சுற்றிக்கொண்டு ஓடி வந்தாள்.

"மாமி! என்னங்க இது? ஒரு டப்பா திரட்டுப்பாலுக்கா? என் பசங்கதான் தின்னாங்க, வேணும்னா நானே கிண்டித் தர்றேன்..."

வைஜயந்தி தலையை மட்டும் ஆட்டினாள். கைப்பையைத் திறந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தாள். அதற்குள் ஆறு தாள்கள், ஒன்றின் மடிப்புகூடக் கலையாமல் இருந்தன. அவற்றை மேசைமேல் வரிசையாகப் பரப்பினாள்.

அகல்யாவே அச்செடுத்துக் கொடுத்த தாள்கள்தான். பால் பொருளுக்குத் தடை என்ற விதி, அதன் கீழே 'அழித்துவிடச் சம்மதம்' என்ற கட்டத்தில் ஒரு டிக். அதுவரைதான் அவள் படித்திருக்கிறாள். வைஜயந்தியின் விரல் அதையெல்லாம் தாண்டி, தாளின் அடியில் போய் நின்றது.

முதல் நாலு தாளிலும் ஆங்கிலத்தில் ஒரு அவசரக் கிறுக்கல். ஐந்தாவதில் முழுப் பெயர், நிதானமாக.

ஆறாவதில் தமிழ். புனேயில் பிறந்து மராத்தி படித்த பிள்ளைக்கு, அம்மா கைபிடித்துச் சொல்லிக்கொடுத்த மூன்றே எழுத்து. மாதவ். ஒன்றாம் வகுப்புப் பையன் எழுதியதுபோல் கோணிக்கொண்டிருந்தது.

வெளியே ஹாரன் மறுபடியும் அடித்தது. வைஜயந்தி முகத்தைத் துடைத்துக்கொண்டு, தாள்களை ஒவ்வொன்றாக உறைக்குள் வைத்தாள். ஆறாவதை மட்டும் கையிலேயே வைத்திருந்தாள்.

"மாமாகிட்ட சொல்லிடாதே," என்றாள், குரலைத் தாழ்த்தி. "நாலு வருஷமா அவன் எனக்குப் போடற கடுதாசி இதுதாண்டி."