விசாரிக்க வந்த அம்மா

"என் பேரை அடிச்சிடு கினு. இப்பவே, என் கண்ணு முன்னாடி அடி."

தோஃபு கடை கினுயே வாயைப் பிளந்தாள். அவள் கையிலிருந்த சங்கத்து நோட்டில் முதல் பெயரே ஹிசாயோவுடையதுதான்.

"விளையாடுறீங்களா அக்கா? அணுகுண்டு வேண்டாம்னு சொல்ல நம்ம தெருவுக்கும் ஒரு சங்கம் வேணும்னு, இதே கடை வாசல்ல நின்னு ஆரம்பிச்சு வச்சது யாரு? உங்க பேச்சைக் கேட்டுத்தானே முப்பது பொம்பளைங்க சேர்ந்தோம். ஞாயித்துக்கிழமை ஸ்டேஷன் வாசல்ல கையெழுத்து வாங்கணும், இப்பப் போய்..."

"என் மக ரெய்கோவுக்குச் சம்பந்தம் வந்திருக்கு. பையன் வாத்தியார். போட்டோ பிடிச்சுப்போச்சாம். இனி தெருவுல விசாரிக்க ஆள் வரும்."

கினுயேவின் முகம் மாறியது. கல்யாணத்துக்கு முன்னால் பையன் வீட்டார் கமுக்கமாக ஆள் அனுப்பி, அரிசிக்கடை முதல் சலவைக்கடை வரை ஒன்றுவிடாமல் விசாரிப்பார்கள். ஹிரோஷிமா என்று ஒரு வார்த்தை காதில் விழுந்தால் போதும், சம்பந்தம் அதோடு சரி. அந்தப் பெண்ணுக்குக் குழந்தை நல்லபடியாகப் பிறக்காது, ஆயுசு கெட்டியில்லை என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். ஹிசாயோவின் அண்ணன் மகளுக்கு இரண்டு இடம் அப்படித்தான் தட்டிப்போனது.

"குண்டு விழுந்தப்ப ரெய்கோவுக்கு ஆறு வயசு. நாங்க அங்க இருந்தது இந்த ஒசாகாவிலேயே உனக்கு மட்டும்தான் தெரியும்" என்றாள் ஹிசாயோ. "யார் கேட்டாலும் நாங்க ஒகயாமாக்காரங்க. சத்தியம் பண்ணு."

"எனக்குப் பொய் வராதே அக்கா. மூஞ்சியே காட்டிக் கொடுத்துடும்."

"மூஞ்சியை எதுக்குக் காட்டுற? தோஃபுவை வெட்டிக்கிட்டே சொல்லு."

கினுயே சத்தியம் செய்தாள். பெயரின் மேல் கோடும் விழுந்தது.

மூன்றாம் நாள் காலை, ரெய்கோ வேலைக்குப் போன பிறகு, ஒரு நடுவயது அம்மாள் வாசலில் வந்து நின்றாள்.

"அணுகுண்டு எதிர்ப்புச் சங்கம் ஆரம்பிச்சவங்க வீடு இதுதானுங்களா? சேரலாம்னு வந்தேன்."

நல்ல பட்டு கிமோனோ. வெள்ளைக் காலுறையில் பொட்டு அழுக்கில்லை. சங்கத்தில் சேர இப்படியா உடுத்திக்கொண்டு வருவார்கள்? விசாரிக்க வந்த ஆளேதான் என்று ஹிசாயோ முடிவு கட்டினாள்.

"தப்பா சொல்லியிருக்காங்க. எனக்கும் அதுக்கும் ஒட்டும் இல்ல, உறவும் இல்ல. தோஃபு கடையில கேளுங்க."

வந்தவள் நகரவில்லை. வெயிலாக இருக்கிறது என்று வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஹிசாயோ பார்லி டீ கொண்டுவந்து வைத்தாள்.

"சொந்த ஊரு ஹிரோஷிமாப் பக்கமோ?"

"ஒகயாமா. ஹிரோஷிமாவை ரயில்ல போறப்ப பாத்ததோட சரி."

"சண்டை நேரத்துலயும் ஒகயாமாவுலயா இருந்தீங்க?"

"ஆமாங்க. நாங்க எல்லாருமே."

"மகள் இருக்காங்களாமே. அடிக்கடி களைப்பு, தலைசுத்தல் அப்படி ஏதாவது..."

"காய்ச்சல்னு ஒரு நாள் படுத்தவ இல்ல."

தினமும் மாலையில் வந்ததும் சுருண்டு படுக்கும் மகளை நினைத்துக்கொண்டேதான் அதைச் சொன்னாள். வந்தவள் நீளமாக மூச்சு விட்டாள். "கொடுத்து வச்சவங்க நீங்க" என்று குனிந்து வணங்கிவிட்டு எழுந்தாள்.

அப்பாடா என்று உட்காரக்கூட முடியவில்லை. அந்த அம்மாள் நேராகத் தோஃபு கடைக்குள் நுழைவது ஜன்னலில் தெரிந்தது. கினு உளறிவிட்டால்? மகளின் வாழ்க்கையே போய்விடும். ஹிசாயோ கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றாள். இருபது நிமிடம் கழித்துக் கினுயே ஈரக் கையோடு வந்தாள்.

"நம்பிட்டாங்க அக்கா. ஒகயாமான்னு நான் சொன்னதை முழுசா நம்பிட்டாங்க."

"என் தெய்வமே! உனக்கு எப்படி நன்றி சொல்வேன் கினு!"

"இருங்க அக்கா. அவங்க விசாரிக்க வந்த ஆள் இல்ல, பையனோட அம்மாவே. நம்ம சங்கத்துல சேர்ந்துட்டு அழுதாங்க. குண்டு விழுந்தப்ப அவங்களும் பையனும் ஹிரோஷிமாவுலதான் இருந்தாங்களாம். சங்கம் ஆரம்பிச்ச வீடுன்னு தரகர் சொன்னதும், தங்களை மாதிரியே ஹிரோஷிமாக் குடும்பமாத்தான் இருக்கும், எதையும் மறைக்க வேண்டாம்னு ஆசையா வந்தாங்களாம். 'இவங்க ஒரு குறையும் இல்லாதவங்க, ஏமாத்த மனசு வரல, இந்தச் சம்பந்தம் வேண்டாம்'னு சொல்லிட்டு டிராம் ஏறப் போயிட்டாங்க. எனக்கு உண்மை நாக்கு நுனி வரைக்கும் வந்துடுச்சு அக்கா, ஆனா சத்தியம் பண்ணியிருக்கேனே!"

அடுத்த நிமிடம், அரிசிக்கடையும் சலவைக்கடையும் வேடிக்கை பார்க்க, செருப்புக்கூட இல்லாமல் தெருவில் ஓடிய ஹிசாயோ தொண்டை கிழியக் கத்தினாள்: "நில்லுங்க சம்பந்தியம்மா! நாங்களும் ஹிரோஷிமாதான்!"